ஐம்பது நோன்பும் ஒரு முழங்காலும்

தீக்கோயி
ஜனவரி 29

என் குஞ்ஞேலிக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லோரும் சுகம். உனக்கும் மதருக்கும் மற்ற சிஸ்டர்களுக்கும் சுகம்தானே? உன் இருமல் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எதைப் பற்றியும்தான் எழுதவில்லை. ஐந்தாறு வருடமாக நீ எழுதிய கடிதங்களின் தேதியை மறைத்துவிட்டு என்னிடம் கொடுத்தால், எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லத் தெரியாது. "ஜெபிக்கிறேன், ஆண்டவர் நடத்துவார்" என்று முடித்துவிடுகிறாய். உங்கள் மடத்துக்குப் பேசாமடம் என்று ஊரார் பெயர் வைத்தது வாயை நினைத்து. கையையும் கட்டிப்போட்டு விட்டார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். என் வலது முழங்காலை மாற்றப் போகிறார்கள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஆபரேஷன். மகன் சாபு எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், நான் மசியவில்லை. இப்போது ஒப்புக்கொண்டதற்குக் காரணம், ஜூலையில் வருகிற உன் வார்த்தைப்பாட்டின் பொன்விழா. மடத்து கேட்டிலிருந்து, கம்பிக்கு அப்பால் உட்கார்ந்து நீ எங்களோடு பேசுகிற பார்லருக்கு ஏறுகிற அந்தக் கல்படிகளை நான் கடைசியாக மிதித்தது என் வீட்டுக்காரர், உன் சேட்டன், உயிரோடு இருந்தபோது. அதற்குப் பிறகு உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

சாபு சொல்கிறான், "எதுக்கு அம்மச்சி ஆபரேஷன்? நாலு பேரு நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டுப் போயிடலாம்." நான் சொன்னேன், "நாலு பேரு தூக்கற நாள் தனியா வரும்டா. அன்னிக்கு நாற்காலி வேண்டாம், பெட்டியே குடுப்பாங்க."

ஜூலையில் என் காலாலேயே ஏறி வருவேன். எனக்காக வேண்டிக்கொள்.

உன் சேச்சி,
பென்னம்மா


இயேசு மரி சூசை

மடம்
பிப்ரவரி 4

அன்புள்ள சேச்சிக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு ஜெபிக்கிறேன். இருமல் இல்லை.

ஆபரேஷன் நாளில் இங்கே எல்லோரும் உங்களுக்காக ஜெபமாலை சொல்வோம். மதர் அன்பைத் தெரிவிக்கச் சொன்னார். டாக்டர்கள் சொல்வதைக் கேட்டு நடங்கள். சாபுவுக்கும் பின்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்.

பொன்விழா ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. எந்தப் பாட்டுப் பாடலாம் என்று மதர் கேட்டார். எதுவானாலும் சரி என்றேன்.

ஆண்டவர் நடத்துவார்.

சிஸ்டர் கிளமன்ஸ்


தீக்கோயி
பிப்ரவரி 19

குஞ்ஞேலி,

இயேசுவுக்குப் புகழ். வீட்டுக்கு வந்துவிட்டேன். படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். நீ சுகமா?

ஆஸ்பத்திரியில் முதலில் முதுகில் ஊசி போட்டு வைத்திருந்தார்கள். கால் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டேன். அது இறங்கியதும் வந்தது பார். நான்கு பெற்றவள் சொல்கிறேன். பேறுகால வலிக்கு நடுவில் மூச்சு விட இடம் இருக்கும். இதற்கு அதுவும் இல்லை. மாத்திரை போட்டால் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, போகவில்லை.

ஜிஷா என்று ஒரு பிஸியோ பெண் ஸ்கூட்டரில் வந்து தினமும் என் காலை மடக்குகிறாள். ஆள் ஒல்லி, வாய் நீளம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, "அம்மச்சி, வலி வந்தப்புறம் மாத்திரை போடறது, மழை வந்தப்புறம் கொடியில துணி எடுக்கற மாதிரி. நான் வர்றதுக்கு அரை மணி முன்னாடியே போட்டுடணும்" என்றாள்.

"பொறுத்துக்கறேன் பெண்ணே, எனக்குப் பழக்கம்தான்" என்றேன்.

"உங்க பொறுமை யாருக்கு வேணும்? முட்டி மடங்கணும், எனக்கு அதான் வேணும். வலிக்குப் பயந்து மடக்காம விட்டீங்கன்னா உள்ள எல்லாம் ஒட்டிப் பிடிச்சுக்கும். அப்புறம் படியும் ஏற முடியாது, பஸ்ஸும் ஏற முடியாது. பள்ளியில பூசை நேரத்துல காலை நீட்டிக்கிட்டு உக்காந்து அச்சனைத் தடுக்கி விழ வெக்கலாம், அவ்வளவுதான்."

ஒரு வேடிக்கை. முட்டிக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தொட்டால் தெரிவதில்லை. உள்ளே அத்தனை வலி, மேலே ஒன்றுமில்லை. எறும்பு ஏறினால் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. டாக்டரிடம் கேட்டேன். "தோலுக்குப் போற நரம்பு வெட்டுப்பட்டிருக்கு அம்மச்சி. கொஞ்சம் திரும்பி வரும், மிச்சம் அப்படியே இருந்துடும். நடக்கறதுக்கு அது குறுக்க வராது" என்றார்.

நேற்று விகாரி அச்சன் நற்கருணை கொண்டுவந்தார். வந்தவர், "பென்னம்மச்சிக்கு இந்த வருஷம் நோன்பு கிடையாது, முட்டையும் மீனும் சாப்பிட்டுத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்சி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கே முட்டை அவித்தாகிவிட்டது. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஐம்பது நோன்பை நான் விட்டதில்லை. ஊரெல்லாம் ஆண்டவருக்கு எதையாவது கொடுக்கும்போது நான் எதைக் கொடுப்பது? கையை வீசிக்கொண்டு ஈஸ்டருக்குப் போவதா?

சேச்சி


இயேசு மரி சூசை

மடம்
பிப்ரவரி 25

அன்புள்ள சேச்சிக்கு,

நலம். நீங்கள் வீடு வந்து சேர்ந்ததற்கு ஆண்டவருக்கு நன்றி.

நாளை பேதுர்த்தா, இரவோடு நோன்பு தொடங்கிவிடும். உங்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு ஈஸ்டர் வரை எங்களுக்குக் கடிதம் எழுதுவது கிடையாது. வருகிற கடிதங்களையும் மதர் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவார். அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

எதைக் கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வலியைக் கொடுங்கள். அதில் கொஞ்சமும் வீணாக்க வேண்டாம். என் மனதில் ஒரு வேண்டுதல் கருத்து இருக்கிறது. அது என்ன என்று கேட்காதீர்கள், அதற்காக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள். இதை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

மணி அடிக்கிறது. நோன்பு நல்லபடியாக அமையட்டும்.

சிஸ்டர் கிளமன்ஸ்


தீக்கோயி
மார்ச் 9

குஞ்ஞேலி,

இயேசுவுக்குப் புகழ். இதை நீ ஈஸ்டருக்குத்தான் பிரிப்பாய். எழுதி அனுப்பிவிட்டால் அங்கே அலமாரியிலாவது இருக்கும் என்று எழுதுகிறேன். சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மடத்துக்குப் போன நாளிலிருந்து நீ என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அப்பச்சன் பாகம் பிரித்தபோதுகூட உனக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாய். இப்போது ஒன்று கேட்டாய். கேட்டதைக் கலப்படம் இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று யோசித்தேன். மாத்திரை போட்டால் வலி பாதியாகிவிடுகிறது. பாதி வலியை உனக்குக் கொடுப்பது, பாலில் தண்ணீர் ஊற்றி விற்பது போல இருந்தது. முட்டை நோன்பைத்தான் அச்சன் கெடுத்துவிட்டார். மாத்திரை நோன்பைக் கெடுக்க அவருக்குத் தெரியாதே.

பின்சி கண்காணிக்கிறாள். மாத்திரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவள் திரும்பியதும் வராந்தாவில் இருக்கும் ஆந்தூரியத் தொட்டியில் விரலால் அழுத்திவிடுகிறேன். அவள் உயிரையே வைத்திருக்கிற தொட்டிகள். ஒன்றில் புதுப்பூ வந்திருக்கிறது. அதற்கு முட்டி வலி இல்லை போல.

ஜிஷா வரும்போது கத்தாமல் இருக்க ஜெபமாலைச் சிலுவையை வாயில் கவ்விக்கொள்கிறேன். உன் கருத்து என்னவோ, நிறைவேறட்டும்.

சேச்சி


தீக்கோயி
மார்ச் 28

குஞ்ஞேலி,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லோரும் சுகம்.

எழுத ஒன்றும் இல்லை. நோன்பு போகிறது. வீட்டில் பேசுகிறார்கள், காதில் விழுகிறது, என்ன பேசினார்கள் என்று கேட்டால் தெரியாது. சாபுவின் மூத்தவள் பரீட்சை எழுதிவிட்டு வந்து ஏதோ சொன்னாள். நல்லது மோளே என்றேன். நல்லதைத்தான் சொன்னாளா என்று தெரியவில்லை.

வலியை ஒப்புக்கொடுக்கலாம் என்று கண்ணை மூடினால் ஜெபம் வருவதில்லை. பரமண்டல மந்திரத்தில் பாதியில் நின்றுவிடுகிறேன். வலி மட்டும் இருக்கிறது. அதைத் தட்டில் வைத்து நீட்ட ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆளைக் காணோம். முன்பெல்லாம் உன் முகமாவது வரும்.

ஜிஷா என் காலை மடக்குவதைக் குறைத்துவிட்டாள். நான் விடுவதில்லை. "என்னமோ நடக்குது இங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சேச்சி


தீக்கோயி
ஏப்ரல் 11

குஞ்ஞேலி,

இயேசுவுக்குப் புகழ். பெரிய வாரம். நீ சுகமாக இரு.

பிடிபட்டுவிட்டேன். குருத்து ஞாயிறுக்கு மறுநாள் பின்சி தொட்டிகளுக்கு மண் மாற்றினாள். மண்ணைக் கொட்டியதும் வெள்ளை வெள்ளையாக விழுந்தது. ஏதோ பூச்சி முட்டை என்று நினைத்து முதலில் மருந்து தேடினாள். அப்புறம் ஒன்றைக் கழுவிப் பார்த்தாள். கழுவினதைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "நான் குடுக்கறது பிடிக்கலையா அம்மச்சி?" என்று கேட்டாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

சாபு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் காலை மடக்கப் பார்த்தார். அறுபது டிகிரியோடு நின்றுவிட்டது. படி ஏற தொண்ணூறுக்கு மேல் வேண்டுமாம். உள்ளே ஒட்டிப் பிடித்துவிட்டது, ஜிஷா சொன்னது போலவே.

"ஈஸ்டர் முடிஞ்சதும் வாங்க. மயக்கம் குடுத்து நான் மடக்கி விடறேன். இன்னும் நாள் போச்சுன்னா என்னாலயும் முடியாது" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏன் அம்மச்சி மாத்திரை சாப்பிடல?" என்று கேட்டார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. அது உன் காரியம்.

மடங்குமா என்று கேட்டால், பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மடங்காவிட்டால் ஜூலையில் நான் வர முடியாது, குஞ்ஞேலி. இதை இப்போதே எழுதி வைக்கிறேன்.

சேச்சி


இயேசு மரி சூசை

மடம்
ஏப்ரல் 17

சேச்சி,

ஈஸ்டர் வாழ்த்துகள். நேற்றுப் பூசைக்குப் பிறகு மதர் மூன்று உறைகளையும் சேர்த்துக் கொடுத்தார். தேதி வரிசையில் படித்தேன். மதரிடம் அனுமதி கேட்டு இப்போதே எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

முதலில் மாத்திரையைச் சாப்பிடுங்கள். வருகிற வலியைத்தான் நான் கேட்டேன். அதைத் தேடிப்போய்க் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நான்தான் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்க வேண்டும். எழுதிவிட்டு ஐம்பது நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி என் பேரில் வலி வேண்டாம். மாத்திரையை விழுங்கி அதை எனக்காக ஒப்புக்கொடுங்கள்.

கருத்து என்ன என்று சொல்கிறேன். எனக்கு ஜெபம் வருவதில்லை. மணி அடித்தால் போகிறேன், முழங்காலிடுகிறேன், வாய் எல்லாச் சங்கீதங்களையும் தப்பில்லாமல் சொல்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. சந்தேகம் என்றால் அதோடு சண்டை போடலாம், அதுவும் இல்லை. துக்கமும் இல்லை. எப்போது தொடங்கியது என்று தெரியாது. சேட்டன் போன செய்தி வந்தபோது நான் பூசை அப்பம் சுடுகிற அறையில் இருந்தேன். கேட்டுவிட்டு மாவைக் கலக்கினேன். கட்டி இல்லாமல் நன்றாக வந்தது. அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது, மரத்துப்போய்விட்டேன் என்று. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பொறுமையாக இருக்கச் சொன்னார் அச்சன். இருக்கிறேன்.

உங்கள் வலியைக் கொண்டு எனக்குக் கொஞ்சம் உணர்ச்சி வாங்கலாம் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. நேற்று உங்கள் கடிதங்களைப் படித்தபோதும் கண் ஈரமாகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பொன்விழாவில் எல்லோர் முன்னாலும் வார்த்தைப்பாட்டைத் திரும்பச் சொல்ல வேண்டும். வாய் மட்டும் சொல்லும். அதற்கு ஒரு விழாவா? வேண்டாம் என்று மதரிடம் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். உங்கள் காலையும் கெடுத்த பிறகு எந்த முகத்தோடு நிற்பேன்?

குஞ்ஞேலி


தீக்கோயி
ஏப்ரல் 28

என் குஞ்ஞேலிக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே எல்லோரும் சுகம், நானும்கூட. உன் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வந்தது. உன் கடிதங்களில் தேதி பார்க்காமலே எனக்கு அடையாளம் தெரியப்போவது இது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மயக்கம் கொடுத்து மடக்கினார்கள். உள்ளே சடசடவென்று விட்டுக்கொடுத்ததாம், டாக்டரே சொன்னார். எழுந்ததும் ஜிஷா தலைமாட்டில் நிற்கிறாள், அவளை யார் வரச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. "நூறு வரைக்கும் வந்திருக்கு. இனிமே நீங்க வாயத் திறந்து காட்டணும், நாக்கத் தூக்கிக் காட்டணும், அப்புறம்தான் நான் காலைத் தொடுவேன்" என்றாள். இப்போது மாத்திரை முதலில், ஜிஷா அடுத்து, பனிக்கட்டி கடைசியில். வலி இருக்கிறது, ஆனால் நடுவில் காப்பி குடிக்க இடம் விடுகிறது. பின்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன் கருத்தை மட்டும் விட்டு. "மடத்து ஆன்ட்டிக்காகவா?" என்று கேட்டாள். அப்புறம் அந்தத் தொட்டிகளைத் தூக்கிப் பின்பக்கம் வைத்துவிட்டாள்.

நீ எழுதியதற்கு எனக்குப் பதில் தெரியாது. அச்சனிடம் கேட்கவும் போவதில்லை. நீ மாவு கலக்கினாய் என்கிறாய். அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கட்டங்காப்பி போதுமா என்று அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. பென்னம்மச்சி தைரியசாலி என்று ஊரே சொன்னது, நானும் சரி என்று இருந்துவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. நீ என்னைவிடத் தேவலாம், உன் மாவு அப்பமாவது ஆயிற்று.

பொன்விழா வேண்டாம் என்று மதரிடம் சொன்னாயானால் இந்த முட்டியைக் கழற்றி டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். சாபு கட்டிய காசுக்கு நீ பதில் சொல். வாய் மட்டும்தான் சொல்லும் என்றால் வாயாலேயே சொல். நான் காலோடு வருகிறேன், எனக்கும் வேறு ஒன்றும் கைவசம் இல்லை.

சேச்சி


இயேசு மரி சூசை

மடம்
மே 7

அன்புள்ள சேச்சிக்கு,

நலம். நூறு என்று எழுதியிருந்தது கண்டேன். ஜிஷாவுக்காகவும் ஜெபமாலை சொல்கிறேன். வாயால்தான்.

மதரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டைப் பற்றி மறுபடி கேட்டார். இந்த முறை ஒரு பாட்டின் பெயரைச் சொன்னேன்.

ஜூலை மாதம் மழை இருக்கும். படிகளில் பாசி பிடிக்கும், கேட்டில் இருக்கும் சிஸ்டரிடம் தேய்த்து வைக்கச் சொல்கிறேன்.

மாத்திரையை விட வேண்டாம்.

குஞ்ஞேலி


தீக்கோயி
ஜூலை 19

என் குஞ்ஞேலிக்கு,

இயேசுவுக்குப் புகழ். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். மூட்டில் கொஞ்சம் வீக்கம், பனிக்கட்டி வைத்ததும் வடிந்துவிட்டது.

நீ உள்ளே இருந்ததால் படியில் நடந்த கூத்து உனக்குத் தெரியாது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது புதுக் கால் முதலில், இது ஜிஷாவின் வேதம். மழை தூறிக்கொண்டிருந்தது. பின்சி குடையைப் பிடித்தாள், பாதி நனைந்தது அவள்தான். சாபு எனக்குத் தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பின்னாலேயே தூக்கிக்கொண்டு வந்தான். "அம்மச்சி, உக்காருங்க, யாரும் பாக்கல" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொன்னான். உட்காரவில்லை. கடைசியில் மேலே வந்ததும் அவன்தான் அதில் உட்கார்ந்தான்.

நீ மெலிந்துவிட்டாய். அதை அங்கே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். வார்த்தைப்பாடு சொல்லும்போது உன் குரல் நடுங்கவில்லை. பின்சி அழுதாள். நான் அழவில்லை, உன்னைப் போலவே நின்றேன்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். பார்லரில் எல்லோரும் காப்பி குடிக்கப் போன பிறகு, கம்பிக்கு நடுவில் கையை விட்டு, என் முண்டுக்கு மேலே முட்டியில் வைத்தாய். தழும்புக்கு வெளிப்பக்கம், சரியாக அந்த இடத்தில். "சேச்சி, நான் தொடறது தெரியுதா?" என்று கேட்டாய். "தெரியுது" என்றேன்.

பொய். தெரியவில்லை. அந்த இடம் திரும்பி வரவே இல்லை. துணிக்கு மேல் உன் விரல்கள் ஐந்தும் இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ கையை எடுக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே காலோடுதான் படி இறங்கினேன்.

மழையில் நனையாதே. இருமல் வந்தால் எழுது.

சேச்சி


இயேசு மரி சூசை

மடம்
ஜூலை 25

அன்புள்ள சேச்சிக்கு,

நலம். உங்கள் வீக்கம் முழுவதும் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். சாபுவின் நாற்காலியைக் கேட்டில் இருக்கும் சிஸ்டர் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார், மறந்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

தெரியவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன், நீங்கள் குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் போன பிறகு மாலை ஜெபத்துக்குப் போனேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை, எப்போதும் போலத்தான் இருந்தது. மணி அடித்து எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன், கண்ணை மூடாமல், பீடத்தைப் பார்த்துக்கொண்டு.

மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று எழுதுங்கள்.

உங்கள் குஞ்ஞேலி